கை, கால் பாதிப்புக்கு மட்டுமல்ல... நரம்பு நோய்க்கும் உதவித்தொகை உண்டு!

வயலில் உழைத்தவருக்குக் கை நடுக்கம் வந்து மண்வெட்டி பிடிக்க முடியாமல் போனால், 'வயசாயிடுச்சு' என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். அது பார்க்கின்சன் நோயாக இருந்தால், மாதந்தோறும் அரசு உதவித்தொகை பெற வழி இருக்கிறது.

1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைப் பாதிப்புகள்தான் இருந்தன. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகைகளாக்கியது. பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய், தசைச்சிதைவு, தலசீமியா, அரிவாள் செல் ரத்தச்சோகை போன்றவையும் இப்போது பட்டியலில் உள்ளன.

இரண்டு துறை, இரண்டு தொகை

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, பராமரிப்பு உதவித்தொகையாக மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, முதுகுத்தண்டுவடப் பாதிப்பு, பார்க்கின்சன் உள்ளவர்கள், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. அது 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். இரண்டில் ஒன்றைத்தான் பெறமுடியும். எனவே, எதற்குத் தகுதி என்று பார்த்த பிறகு மனு கொடுப்பது நல்லது.

முதலில் அடையாள அட்டை

எல்லாவற்றுக்கும் அடிப்படை, தனித்துவ அடையாள அட்டை. அரசு மருத்துவர் பரிசோதித்துப் பாதிப்பின் சதவிகிதத்தைக் குறிப்பார். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவிகிதம் தேவை. கடும் பாதிப்புப் பிரிவுக்கு 75 சதவிகிதம். நடுக்கம், தளர்ச்சி போன்றவை பார்த்தவுடன் தெரியாது. அதனால் பழைய மருந்துச்சீட்டு, ஸ்கேன் அறிக்கை அனைத்தையும் முகாமுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

பட்டியலில் இல்லாத நோய்களுக்கு?

சிறுநீரகச் செயலிழப்பும் புற்றுநோயும் அந்த 21 வகைகளில் வராது. ஆனால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். டயாலிசிஸும் இதில் அடக்கம். காசநோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. நன்செய் 2.5 ஏக்கர் அல்லது புன்செய் 5 ஏக்கருக்குள் வைத்திருக்கும் விவசாயிகள், உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் அதையும் விசாரிக்கலாம்.

மனு கொடுத்ததும் ரசீது எண்ணைக் குறித்து வைப்பது அவசியம். பதில் வராவிட்டால், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் அந்த எண்ணைக் காட்டிக் கேட்கலாம்.