"டிக்.. டிக்.." சத்தம் நிற்கவில்லையா? தீப்பிடிக்கும் ஆபத்து!

பழைய மோரிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்களே, உஷார்!

சென்னை -

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு புது தலைவலி வந்திருக்கிறது. அதன் பெயர் எத்தனால்.

கரும்பிலும் தானியத்திலும் இருந்து எடுக்கப்படும் சாராயம் இது. இதை பெட்ரோலில் கலக்கிறார்கள். 100-க்கு 20 பங்கு என்ற இலக்கை 2025-ம் ஆண்டு நாடு எட்டியது.

புது வண்டிகள் இதற்கென்றே தயாராகி வருகின்றன. ஆனால் 60 வயது தாண்டிய வண்டியின் கதை வேறு. வாழ்நாளில் குடிக்காத கிழவருக்கு சாராயம் ஊற்றிய கதைதான்!

எத்தனால் பழைய ரப்பர் குழாயை இளக வைக்கும். குழாய் வெடித்து பெட்ரோல் கசியும். கசிந்த பெட்ரோல் எங்கே விழுகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

மோரிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். 1948-ம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த கார் இது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை "பேபி இந்துஸ்தான்" என்ற பெயரில் இங்கும் தயாரித்தது. 1956-ல் 948 சி.சி. இன்ஜினுடன் "மைனர் 1000" வந்தது.

இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் புகை போகும் இரும்பு குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மேலே கார்புரேட்டர். அதற்கு கீழே கொதிக்கும் குழாய். மேலே சொட்டினால் கீழே பற்றும்!

காதை தீட்டுங்கள்!

ஆபத்தை முன்கூட்டியே சொல்ல காரிலேயே ஒரு காவலாளி இருக்கிறது. அதுதான் எஸ்.யு. மின்சார பெட்ரோல் பம்பு.

சாவியை திருப்பியதும் "டிக்.. டிக்.. டிக்.." என்று அடிக்கும். கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் தானாக நின்றுவிடும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே சத்தம் தொடர்ந்து வந்தால், பெட்ரோல் வேறு எங்கோ போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். குழாய் கசியலாம். மிதவையின் ஊசி அடைபடாமல் பெட்ரோல் வழியலாம். டாங்கி காலியாகி பம்பு காற்றை இழுத்தாலும் இப்படி அடிக்கும். எதுவானாலும் உடனே சாவியை அணையுங்கள். பானெட்டை திறந்து பாருங்கள்.

பழைய குழாய்களை கழற்றி எறிந்துவிட்டு, எத்தனால் தாங்கும் குழாய் போடுவதுதான் முதல் வேலை. கார்புரேட்டர் ஜெட்டை சுற்றியுள்ள கார்க் வளையத்தையும் பார்க்க வேண்டும்.

கடைசியில்தான் கார்புரேட்டர்!

"அண்ணே, வண்டி இழுக்கலே. கார்புரேட்டரை கொஞ்சம் திருப்பி விடுங்க."

"அது கடைசியிலே தம்பி. முதல்ல டாப்பெட்டையும் பாயிண்ட்டையும் பார்க்கலாம்."

ஒர்க் ஷாப்புகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. அண்ணன் சொல்வதுதான் சரி. டியூனிங் செய்ய ஒரு வரிசை இருக்கிறது. டாப்பெட், பாயிண்ட், டைமிங், பிறகு கார்புரேட்டர். வரிசையை மாற்றினால் ஒரு கோளாறை இன்னொரு கோளாறு மறைத்துவிடும்.

அதன் விவரம் வருமாறு:-

டாப்பெட்: இன்ஜின் ஆறிய பிறகு பார்க்க வேண்டும். இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. மொத்தம் 8 வால்வுகள். "ஒன்பது கணக்கு" என்று ஒரு சுலப வழி உண்டு. 8-வது வால்வு முழுக்க திறந்திருக்கும்போது 1-வதை சரி செய்யலாம். 7-வது திறந்திருந்தால் 2-வது. இரண்டையும் கூட்டினால் 9 வரவேண்டும். அவ்வளவுதான்!

பாயிண்ட்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிட்டு, பாயிண்ட் முழுக்க விரியும் வரை இன்ஜினை கையால் சுற்ற வேண்டும். இடைவெளி ஆயிரத்தில் 15. பிளக்குக்கு 25. பீலர் கேஜ் தகடு லேசாக உரசிக்கொண்டு போகவேண்டும். இறுக்கமாகவும் கூடாது, தொளதொள என்றும் கூடாது.

டைமிங்: ஒரு 12 வோல்ட் பல்பு போதும். டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் முனையில் ஒரு ஒயர், பாடியில் ஒரு ஒயர். சாவியை போட்டுவிட்டு இன்ஜினை மெதுவாக சுற்றினால், பாயிண்ட் பிரியும் அதே நொடியில் பல்பு எரியும். அப்போது புல்லியில் உள்ள குறி, கார் புத்தகத்தில் சொன்ன இடத்தில் நிற்கவேண்டும்.

கார்புரேட்டர்: இன்ஜின் நன்றாக சூடான பிறகு தொட வேண்டும். உள்ளே இருக்கும் பிஸ்டனை கால் நூல் மட்டும் தூக்குங்கள். அதாவது அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு. வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் திணறி அணைந்தால் பெட்ரோல் குறைவு. ஒரு நொடி லேசாக ஏறி பழைய நிலைக்கு வந்தால் சரி.

அடியில் இருக்கும் நட்டை கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். நட்டுக்கு 6 பட்டை. ஒரு நேரத்தில் ஒரு பட்டைக்கு மேல் திருப்பக்கூடாது.

பழைய கணக்கு பலிக்காது!

இங்கேதான் எத்தனால் மறுபடியும் வருகிறது.

ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆக, பழைய பெட்ரோலுக்கு வைத்த அளவில் இன்று ஓட்டினால் காற்று மிஞ்சுகிறது. எரிபொருள் பற்றாமல் போகிறது.

பிளக்கை கழற்றினால் தெரிந்துவிடும். காபிப்பொடி நிறம் என்றால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு. வெளுத்த பிளக்கோடு ஓட்டிக்கொண்டே போனால் வால்வு கருகும். நட்டை ஒரு பட்டை இறக்கி மறுபடி சோதிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது. மூச்சுக்கு கேடு என்பதால் 2000-ம் ஆண்டு பிப்ரவரியோடு நாடு முழுவதும் நிறுத்தினார்கள். ஜனங்களுக்கு நல்லது. ஆனால் பழைய இரும்பு ஹெட்டில், வால்வு உட்காரும் இடத்தை தேயாமல் காத்தது அந்த ஈயம்தான்.

டாப்பெட் இடைவெளி அடிக்கடி தானாக குறைகிறதா? அந்த இடம் தேய்ந்து வால்வு உள்ளே போகிறது என்று அர்த்தம். ஹெட்டை கழற்றி லேத்தில் கொடுத்து கடினமான வளையம் போடவேண்டும். இடைவெளியை மட்டும் திருத்திக்கொண்டே போனால் ஒருநாள் ஹெட்டே போய்விடும்.

பேட்டரி விஷயத்திலும் ஜாக்கிரதை. இந்த காரில் பாசிட்டிவ்தான் எர்த். இன்றைய கார் நினைப்பில் மாற்றி மாட்டினால் டைனமோவும் கட்-அவுட்டும் கெடும்.

ஷெட்டில் பூட்டாதீர்கள்!

50 வயது தாண்டிய கார்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. புது பதிவுக்கு கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். நம்பரில் "வி.ஏ." என்ற எழுத்து இருக்கும். இப்படி பதிவான காரை தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, கார் ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்ற வேலைகளுக்கு எடுத்துப் போகலாம்.

இதனால் பல கார்கள் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை குடிக்கும். டாங்கியில் துரு பிடிக்கும். கிண்ணத்தில் பெட்ரோல் பிசின் மாதிரி ஒட்டும்.

இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் கெடுதல். ஆயிலில் ஈரம் சேரும். பராமரிப்புக்கு எடுக்கும்போது இன்ஜின் நன்றாக சூடாகும் வரை ஓட்ட வேண்டும். ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதானால் டாங்கியில் உள்ள பெட்ரோலை இறக்கிவிடுவதே நல்லது.

கடைசியாக ஒன்று. தீயணைக்கும் கருவியை டிக்கியில் வைத்து பூட்டாதீர்கள். டிரைவர் சீட்டுக்கு பக்கத்தில், கை எட்டும் இடத்தில் வையுங்கள்!