கூற்று உடையோரும் கொண்டெடுத்து மொழியப்படுவோரும்: ஆவணப்படங்களைக் காண ஒரு தொல்காப்பிய வழி

ஆய்வுச் சுருக்கம்

தமிழாய்வில் ஆவணப்படங்கள் பெரும்பாலும் செய்தி மூலங்களாகவே கொள்ளப்படுகின்றன. பேசுவோர் யார், கேட்போர் யார், பேச்சு நிகழும் இடம் எது என்னும் வினாக்களைத் தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன் எனத் தனித்தனி உறுப்புகளாக வகுத்துள்ளது. அவற்றைக் கருவியாகக் கொண்டு, தமிழாய்வாளர் அவசியம் காணத்தக்க ஐந்து ஆவணப்படங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆவணப்படம், கூற்று, கேட்போர், களன், கள ஆய்வு, செய்யுளியல்

முன்னுரை

தமிழில் ஆவணப்பட முயற்சி புதியதன்று. ஏ.கே. செட்டியார் பல நாடுகளில் அலைந்து, பலர் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடித் தொகுத்து, ‘மகாத்மா காந்தி’ என்னும் ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டார். எனினும் தமிழ்த் துறைகளில் நிகழும் திரைப்பட ஆய்வுகள் கதைப்படங்களையே மிகுதியும் நாடுகின்றன. ஆவணப்படம் எடுத்தாளப்படும் இடங்களிலும் அதிலுள்ள தகவல் மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு, அத்தகவல் யார் வாய்வழி வந்தது என்பது விடுபட்டுப் போகிறது. சங்கப் பாடல் ஒன்றைக் கூற்று அறியாமல் பொருள் கொள்ள முற்பட்டால் அதனைப் பிழை என்கிறோம். ஆவணப்படத்திற்கு அவ்வளவு கண்டிப்பு காட்டுவதில்லை.

செய்யுளியல் தரும் கருவி

செய்யுளியல் வகுக்கும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. களவில் கூற்றுக்கு உரியோர் அறுவர் என்றும், கற்பில் மேலும் சிலர் சேர்வர் என்றும் அவ்வியல் வரையறுக்கிறது. அதனினும் நம் நோக்கிற்குப் பயன்படுவது, கூற்று இல்லாதோர் பட்டியல். ஊரார், அயலார், சேரியோர், நோயின் பாங்கு அறிவோர், தந்தை, தன்னையர் ஆகியோர் நேரே பேசுவதில்லை. பிறர் அவர்தம் பேச்சைக் கொண்டெடுத்து மொழிவர். (இங்குச் சேரி என்பது சேர்ந்து வாழும் குடியிருப்பு, இன்றைய பொருளை அதன்மேல் ஏற்றலாகாது.)

இவர்கள் பாடலில் இல்லாதவர் அல்லர். ஊராரின் அலர் இன்றிக் களவு கற்பாவது அரிது. ஆயினும் அவ்வலரைத் தோழியோ தலைவியோ சொல்லித்தான் கேட்கிறோம். ஒருவர் ஒரு படைப்பில் முழுமையாக இருந்தும் கூற்று இல்லாதிருக்கலாம் என்பதே இதிலிருந்து பெறப்படும் கருத்து. அகப்பாடலுக்கு வகுத்த விதி திரைக்கு அப்படியே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வினா எழுப்பும் வழியாகவே அது இங்குக் கொள்ளப்படுகிறது.

இருந்தும் பேசாதவர்

ராபர்ட் ஃபிளாஹெர்ட்டியின் ‘நானூக் ஆஃப் தி நார்த்’ (1922) கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பகுதியில் வாழும் இனூயிட் மக்களைப் பற்றியது. நாயகனின் இயற்பெயர் அல்லகாரியல்லக். நானூக் என்பது படத்திற்காக இடப்பட்ட பெயர். துப்பாக்கி அறிந்திருந்த மக்கள் படத்திற்காக எறியீட்டியால் வேட்டையாடினர். உள்ளே வெளிச்சம் போதாமையால் பனிவீட்டை ஒரு பக்கம் திறந்தவாறு கட்டினர். ஊமைப்படமாகையால் அவர்தம் பேச்சு முழுவதும் ஃபிளாஹெர்ட்டி எழுதிய அட்டைகளின் வழியே வருகிறது. கொண்டெடுத்து மொழிதலுக்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது கடினம். அன்பும் வியப்பும் நிறைந்த படம் என்பதனால் அக்குறை மறைந்து விடுவதில்லை. அவ்வன்பே அதனை நம் கண்ணுக்கு மறைக்கிறது.

ஆலன் ரெனேயின் ‘நைட் அண்ட் ஃபாக்’ (1956) முப்பத்திரண்டு நிமிடப் படம். புல் முளைத்த வதைமுகாம்கள் வண்ணத்திலும், பழைய காட்சிகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலும் மாறி மாறி வருகின்றன. முகாமில் இருந்தோர் எவரும் திரையில் பேசுவதில்லை; பின்னணி உரை மட்டுமே ஒலிக்கிறது. ஆயின் அவ்வுரையை எழுதிய ழான் கேரோல் மௌட்ஹௌசன் முகாமில் சிறைப்பட்டு மீண்டவர். ஆகவே அதனை வெளியாரின் உரை என ஒதுக்குதல் இயலாது. மறுபுறம், அவ்வுரையில் ‘யூதர்’ என்னும் சொல் ஏறக்குறைய இடம்பெறவேயில்லை. முகாம் ஒன்றைக் காவல் காத்த பிரெஞ்சுக் காவலரின் தொப்பி ஓர் ஒளிப்படத்தில் தெரிந்தது. தணிக்கையினர் வற்புறுத்தலால் அது மறைக்கப்பட்டது. கூற்று உடையவர் எழுதிய உரையிலும் யார் பெயர் சொல்லப்படும், யார் முகம் காட்டப்படும் என்பது வேறு கைகளில் இருந்தது.

கேட்போரும் களனும்: ‘ஷோவா’

கிளாட் லான்ஸ்மானின் ‘ஷோவா’ (1985) ஒன்பது மணி நேரத்திற்கும் மேற்பட்டது. இதில் பழைய படச்சுருள் ஒன்றும் பயன்படுத்தப்படவில்லை. தப்பியோர், கண்டோர், குற்றம் புரிந்தோர் ஆகியோரின் பேச்சும், நிகழ்ந்த இடங்களின் இன்றைய தோற்றமுமே படம். மொழிபெயர்ப்பாளரை லான்ஸ்மான் வெட்டி நீக்கவில்லை. அவர் பிரெஞ்சில் கேட்கிறார். மொழிபெயர்ப்பாளர் போலிஷ் மொழியில் சொல்கிறார். விடை அதே வழியில் திரும்புகிறது. முதலில் இது பொறுமையைச் சோதிக்கும். சிறிது நேரத்தில், கேட்போர் இன்றிக் கூற்று இல்லை என்பது கண்முன் நிகழ்வதாக உணரலாம்.

மூன்று காட்சிகள் தனித்துக் குறிக்கத்தக்கன. ட்ரெப்ளிங்காவில் நச்சுவாயு அறைக்குச் செல்லும் பெண்களின் தலைமுடியை வெட்டுமாறு கட்டாயப்படுத்தப்பட்டவர் ஆபிரகாம் போம்பா. அவரை ஒரு முடிதிருத்தகத்தில் நிறுத்தி, ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே பேசச் செய்கிறார் இயக்குநர். ஓரிடத்தில் போம்பாவால் தொடர முடியவில்லை, விட்டுவிடுமாறு வேண்டுகிறார். லான்ஸ்மான் விடவில்லை. களன் இங்குப் பேச்சை வெளிக்கொணரும் கருவியாகிறது. கேட்போரோ அறத்தின் எல்லையில் நிற்கிறார். அவர் செய்தது சரி என்று என்னால் உறுதியாகக் கூற இயலவில்லை. எனினும் அவர் தம் வற்புறுத்தலைப் படத்தில் ஒளிக்கவில்லை.

ஃபிரான்ஸ் சூகோமல் என்னும் முன்னாள் காவலரின் பேச்சு, பெயர் வெளியிடப்படாது என்று உறுதி கூறி, மறைகேமராவில் பதிவுசெய்யப்பட்டது. தம் கேட்போர் யார் என அறியாமலேயே அவர் பேசுகிறார்.

மூன்றாவது காட்சி ஹெல்ம்னோ ஊரின் தேவாலய வாயிலில் நிகழ்வது. அம்முகாமில் சிறுவனாக இருந்து தப்பிய சைமன் ஸ்ரெப்னிக் நடுவில் நிற்க, ஊரார் அவரைச் சூழ்ந்துகொள்கின்றனர். தொடக்கத்தில் அவரைக் கண்ட மகிழ்ச்சியைப் பேசுகின்றனர். பேச்சு வளர வளர, யூதர் அழிந்ததற்கு யூதரையே காரணமாக்கும் பழைய கதை வெளிப்படுகிறது. ஸ்ரெப்னிக் ஒன்றும் கூறாது மெல்லிய சிரிப்புடன் நிற்கிறார். அகப்பாடலில் கூற்று இல்லாத ஊரார் இங்குக் கூற்றைக் கைப்பற்றிக்கொள்ள, கூற்றுக்கு உரியவர் ஊமையாகிறார். படத்தின் பிற பகுதிகளில் பேசியும் பாடியும் காட்டப்படுபவர் அவர் என்பதை நினைவில் கொண்டால் அம்மௌனத்தின் கனம் புலப்படும்.

நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளின் பின்னிணைப்பைப் பார்ப்போர்க்கு இப்படம் ஒரு வினாவை எழுப்பும். நாம் எழுப்பிய வினாக்களை நீக்கி, தகவலாளி தயங்கிய இடங்களைச் சீர்செய்து, தானே ஒரே மூச்சில் உரைத்ததுபோல அச்சிடுகிறோம். அருகில் நின்ற ஊர்ப் பெரியவர் யார், எவர் வந்ததும் பேச்சு மாறியது என்பன பதிவாவதில்லை. கேட்போரையும் களனையும் நீக்கிய பின் எஞ்சுவதை முழுமையான கூற்று எனக் கொள்ளல் ஆகுமா?

தமிழ்நாட்டுச் சான்றுகள் இரண்டு

சத்யஜித் ரே 1976இல் எடுத்த ‘பாலா’, நடனக் கலைஞர் தஞ்சாவூர் பாலசரசுவதி பற்றியது. உரை ரேயுடையது; ஆங்கிலத்தில் அமைந்தது. இசைவேளாளர் மரபின் கலைவாணி ஒருவர் வங்க இயக்குநரின் ஆங்கிலத்தில் கொண்டெடுத்து மொழியப்படுகிறார் என்று எளிதில் குறை கூறிவிடலாம். ஆயின் கடற்கரையில், காற்று சேலையை அலைக்க, ஐம்பது வயதைக் கடந்த பாலா ‘கிருஷ்ணா நீ பேகனே’ பாடலுக்கு அபிநயம் பிடிக்கும்போது உரையாளர் தேவைப்படுவதில்லை. கண்ணனை அழைக்கும் தாயின் கூற்று அக்கைகளில் இருக்கிறது. கூற்று வாய்மொழியாகவே இருத்தல் வேண்டும் என்னும் நம் எண்ணத்தை இப்படம் அசைக்கிறது. கடற்கரை ஆட்டத்திற்கு உகந்த களன்தானா என்பது வேறு வினா. அரங்கின் அமைதி அங்கில்லை.

திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) இவற்றுள் காண்பதற்கு மிகக் கடினமானது. டச்சு மொழியிலிருந்து தமிழுக்கு வந்து, நாகரிகமற்றதென ஒதுக்கப்பட்ட சொல்லே தலைப்பு. கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் தொடரும் அப்பணியைச் செய்வோர் இப்படத்தில் தாமே பேசுகின்றனர். சட்டமும் அறிக்கையும் இவர்களைக் கொண்டெடுத்து மொழிவன. இங்குக் கூற்று இவர்களுடையது. களன் பேட்டிக்கென ஒழுங்குசெய்த அறையன்று. வேலை நடக்கும் அதே இடம். மலத்தை நெருக்கத்தில் காட்டுவது மிகை எனக் கருதுவோர் உண்டு. அந்நெருக்கம் அகற்றப்பட்டால் களன் போய்விடும். களன் போனால் இப்பேச்சு மற்றுமொரு மனுவாகச் சுருங்கும்.

தொழிற்சொல், வட்டார வழக்கு, விளிச்சொல் ஆகியவற்றை ஆராய்வோர்க்கு இப்படம் நேரடிச் சான்று. இதன் பேச்சை எழுத்தில் பெயர்க்க முற்படுவோர், கேட்கப்பட்ட வினாக்களையும் இடைமௌனங்களையும் உடன் நின்றோர் குறுக்கீட்டையும் அவ்வவ்விடத்திலேயே குறித்துப் பதிப்பிக்க வேண்டும்.