குட்டி போட்ட ஆட்டின் புழுக்கையில் புழு முட்டை எகிறுவது ஏன்? ஹார்மோன்தான் காரணமா?

துறையூர், பச்சமலை அடிவாரத்தில் வெள்ளாடு, செம்மறி வளர்ப்பவர்களுக்கு இது பழகிய பிரச்னை. மழைக்காலத்தில் ஆடு குட்டி போடும். தாயும் குட்டியும் நல்லாத்தான் இருக்கும். குட்டி மேய ஆரம்பிச்ச கொஞ்ச நாளில் மெலியும், தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கும், சில குட்டிகள் செத்தும் போகும். இப்பத்தான் புல்லைக் கடிச்ச குட்டிக்கு அதுக்குள்ள எப்படி இவ்வளவு புழு?

பெரும்பாலும் அதன் தாயிடமிருந்துதான்.

ரத்தம் குடிக்கும் புழு

இதில் முக்கிய வில்லன் 'ஹீமாங்கஸ்' என்ற உருண்டைப்புழு. நீளம் 2, 3 செ.மீ.தான். ஆட்டின் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். ஒரு புழு குடிப்பது நாளுக்கு சுமார் 0.05 மி.லி. 'அவ்வளவுதானே' என்று விட்டுவிட முடியாது. 5,000 புழு இருந்தால் தினமும் கால் லிட்டர் ரத்தம் காலி! ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை போடும். முட்டை புழுக்கையோடு வெளியே வந்து, ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய லார்வாவாகிப் புல்லில் ஏறிவிடும்.

ஹார்மோன் எங்கே வருகிறது?

சாதாரண நாட்களில் ஆட்டின் நோய் எதிர்ப்பு சக்தி புழுக்களை அடக்கி வைத்திருக்கும். சில லார்வாக்கள் வளராமல் இரைப்பைச் சுவருக்குள்ளேயே தூங்கும். குட்டி ஈனுவதற்கு சுமார் 2 வாரம் முன்பு இந்தக் காவல் தளர ஆரம்பிக்கிறது. தூங்கின லார்வா எழுந்து வளரும். இருக்கிற புழு கூடுதலாக முட்டை போடும். ஈன்ற பிறகும் 6 முதல் 8 வாரம் வரை இது நீடிக்கலாம். எதிர்ப்பு சக்தியே இல்லாத குட்டி புல்லில் வாய் வைக்கும் நேரமும் அதேதான். புழுவுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது!

விஞ்ஞானிகள் முதலில் சந்தேகப்பட்டது பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை. குட்டியைப் பிரித்து, பால் கொடுப்பது நின்றால் முட்டை எண்ணிக்கையும் சீக்கிரம் குறைகிறது. ஆனால் புரோலாக்டினை ஊசியாகப் போட்டுப் பார்த்த சோதனைகளில் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. தாய் ஆட்டுக்குப் புரதம் அதிகமுள்ள தீவனம் கொடுத்தபோது முட்டை குறைந்ததும் தெரிய வந்தது. சினையும் பாலும் புரதத்தை இழுத்துக்கொள்ள, எதிர்ப்பு சக்திக்கு மிச்சம் இல்லாமல் போகிறது. அதனால் பழியை ஹார்மோன் மேல் மட்டும் போடுவது சரியில்லை.

நாய்க்கும் இதே கதை

நாயில் இந்தத் தொடர்பு இன்னும் தெளிவு. 'டாக்சோகாரா' லார்வா பெண் நாயின் தசையில் மாதக்கணக்கில் தூங்கும். சினையின் சுமார் 42-வது நாளுக்குப் பிறகு எழுந்து, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் போய்விடும். குட்டி பிறக்கும்போதே புழுவோடு பிறக்கிறது. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகப் போகும். தூங்கும் கொக்கிப்புழு லார்வாவை எழுப்புவதில், உடல் சுரக்கும் 'டிஜிஎஃப்-பீட்டா' என்ற புரதத்துக்குப் பங்கு இருப்பதாக பிரேமா அரசு 2001-ல் ஆய்வுக்கூடச் சோதனையில் காட்டினார்.

மனிதர்களுக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கு. 'ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்' என்ற புழு அறிகுறியே இல்லாமல் பல வருஷம் குடலில் இருக்கும். அப்படிப்பட்டவர் ஸ்டீராய்டு எடுத்தால் புழு கட்டுக்கடங்காமல் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டீராய்டும் ஹார்மோன் வகைதான். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீங்க.

ஆடு வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

மழைக்கு முன்னால் மருந்து கொடுத்தாச்சு என்று இருந்துவிடாமல், ஈனும் தேதியையும் கணக்கில் வைங்க. சினைக்காலம் சுமார் 150 நாள். கடைசி மாதத்திலிருந்து கடலைப் பிண்ணாக்கு மாதிரி புரதம் உள்ள தீவனம் சேர்க்கலாம். கீழ் இமையை இழுத்துப் பாருங்க. சிவப்பு போய் வெளுத்திருந்தால் ரத்தச்சோகை. புழு மருந்தை நீங்களாகவே கொடுக்க வேண்டாம். அல்பென்டசோல் இளஞ்சினை ஆட்டுக்கு ஆகாது. மருந்துக்கு அடங்காத ஹீமாங்கஸ் தமிழ்நாட்டிலும் பதிவாகியிருக்கு. புதுப் புழுக்கையைக் கவரில் எடுத்துப்போய் கால்நடை மருத்துவரிடம் கொடுத்தால், மைக்ரோஸ்கோப்பில் முட்டையைப் பார்த்து எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்வார்.