பெரிய டயரும் பிரேக்கின் வலிமையும்

மலைப்பாதைகளிலும் மண்சாலைகளிலும் களப்பணிக்குச் செல்லும் பிக்கப் வண்டிகளுக்கு, தயாரிப்பாளர் குறித்த அளவினும் பெரிய டயர்களைப் பூட்டும் வழக்கம் உண்டு. கல்லிலும் மேட்டிலும் வண்டியின் அடிப்பாகம் இடியாதிருத்தல் வேண்டும் என்பதே இதன் நோக்கம். நோக்கம் நன்றே, ஆயினும் அதனால் பிரேக்கிற்கு நேரும் இழப்பைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பிரேக் சாலையைப் பிடிப்பதன்று. சக்கரத்துடன் சுழலும் டிஸ்க்கையோ டிரம்மையோ அழுத்திப் பிடிப்பதாகும். அதனால் எழும் முறுக்கு விசையை டயரின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதே தரையில் வண்டியை நிறுத்தும் விசை. 70 செ.மீ. விட்டமுள்ள டயருக்குப் பதிலாக 77 செ.மீ. டயரைப் பூட்டினால், ஆரம் 35 செ.மீ.யிலிருந்து 38.5 செ.மீ. ஆகிறது. மிதியை முன்போல் அழுத்தினும், நிறுத்தும் விசை சுமார் 9 சதவீதம் குறைந்துவிடுகிறது. மேலும், பெரிய டயர் பெரும்பாலும் கனமானது. அக்கனம் அச்சிலிருந்து விலகி நிற்பதால், அதன் சுழற்சியை அடக்கவும் பிரேக்கின் ஒரு பகுதி செலவாகும்.

வேகமானியும் பிழைபடும். அது சக்கரத்தின் சுற்றுகளைக் கொண்டே வேகத்தைக் கணிப்பது. முன்பு சரியாக 50 கி.மீ. காட்டிய வேகமானி, இப்போது 50 எனக் காட்டும்போது வண்டி 55 கி.மீ. வேகத்தில் ஓடும். வேகம் 10 சதவீதம் மிகுந்தால் இயக்கச் சக்தி 21 சதவீதம் மிகும்.

இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவோம். பழைய டயரில், விநாடிதோறும் விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் அழுத்தத்துடன் மிதித்தால், வண்டி 19 மீட்டரில் நிற்கும். புதிய டயரில், அதே அழுத்தத்திற்கு, சுமார் 26 மீட்டர் தேவை. வண்டியோட்டி அபாயத்தை உணர்ந்து மிதிப்பதற்குள் கழியும் ஒரு விநாடியில் ஓடும் தூரத்தையும் கூட்டினால், 33 மீட்டர் 41 மீட்டராகிறது. இவ்வாறு மிகும் 8 மீட்டருக்குள் சாலையைக் கடக்கும் குழந்தை ஒன்று இருத்தல் கூடும். அடிப்பாகம் உயர்ந்ததோ 3.5 செ.மீ. மட்டுமே!

மிதியை மேலும் பலமாக அழுத்தி, டயரின் பிடிப்பு இடந்தரும் அளவிற்கு, இக்குறையை ஈடுசெய்யலாம் என்பது உண்மை. ஆனால் பாரமேற்றி நெடிய இறக்கத்தில் வரும்போது நிலைமை வேறு. பெரிய டயரால், குறைந்த கியரில் எஞ்சின் தரும் தடையும் தளர்கிறது. அச்சுமையும் பிரேக்கின்மேல் விழ, அது மிகச் சூடேறி, பிடிப்பை இழக்கத் தொடங்கும்.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை வகுப்பிலேயே விளக்கலாம். சைக்கிளொன்றைத் தலைகீழாக நிறுத்தி, முன்சக்கர பிரேக் சிறிதளவே பிடிக்குமாறு அதன் பிடியைக் கயிற்றால் கட்டுக. அச்சின் மட்டத்திலுள்ள ஆரக்கால் ஒன்றின் நடுவில் எடைகளைத் தொங்கவிட்டு, சக்கரம் நழுவத் தொடங்கும் எடையைக் குறித்துக்கொள்க. பின்னர் விளிம்பில் தொங்கவிட்டால் ஏறத்தாழ அதில் பாதி எடையே போதும். பிரேக் மாறவில்லை; தூரமே மாறியது.

டயரின் பக்கத்தில் 235/75 ஆர் 15 என்பது போன்ற குறி காணப்படும். 235 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது அகலத்தில் பக்கச் சுவர் உயரத்தின் சதவீதம். 'ஆர்' என்பது ரேடியல் அமைப்பு. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். புதிய டயர் வாங்குமுன் இக்குறியைத் தயாரிப்பாளரின் கையேட்டுடன் ஒப்பிடுதல் களப்பணியாளர் கடமையாகும். வண்டி தடையின்றி ஓடுவது நன்று. வேண்டிய இடத்தில் நிற்பது அதனினும் நன்று.