நெடி வந்தால் யாருக்குச் சொல்வது?

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. அது விபத்துதான், சதியல்ல. ஆனால் மூச்சு முட்டி ஓடுகிறவருக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

அதே கரையோரத்துப் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம். தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள். கடலோரப் பாதுகாப்பு என்றதும் இங்கே நினைவுக்கு வருவது 'சாகர் கவச்' ஒத்திகை. 2008-இல் மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்திக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து படகுக்கும் அடையாள அட்டைக்கும் சோதனைமேல் சோதனை. நல்லதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அந்த ஒத்திகையில் வேலை கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏனென்றால் விஷமோ கிருமியோ முதலில் தெரியவருவது ஆஸ்பத்திரியில். 1984-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உணவகங்களில் சாப்பிட்ட 751 பேர் நோயில் விழுந்தார்கள். சமையல்காரர்கள் கை சுத்தமில்லை என்று சுகாதாரத் துறை முடித்துக்கொண்டது. உள்ளூர்த் தேர்தலைக் குறிவைத்து ரஜனீஷ் ஆசிரமத்தார் சிலர் சாலட்டில் சால்மொனெல்லா கலந்தது மறு ஆண்டுதான் வெளிவந்தது. 1995 டோக்கியோ சாரின் விஷவாயுத் தாக்குதலில் சிகிச்சைக்கு வந்தவர்களின் உடையிலிருந்த விஷம் மருத்துவமனை ஊழியர்களையும் பாதித்தது.

ஆகவே ஒரே தெருவில் பலருக்கு ஒரே சமயம் கண் எரிந்தால், வாந்தி வந்தால், 108-க்கும் 112-க்கும் இரண்டுக்கும் சொல்லுங்கள். கடலில் சந்தேகமான படகு என்றால் 1093. கரை ஒதுங்கிய பீப்பாயைத் திறந்து பார்க்காதீர்கள். தள்ளி நின்று போலீஸை அழையுங்கள். வாயு என்றால் காற்றுக்குக் குறுக்கே விலகுங்கள்; காற்று எந்தப் பக்கம் என்று மீனவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்ட உடையைக் களைந்து, கண்ணையும் உடம்பையும் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

'போலீஸ் கேஸ், முதலில் ஸ்டேஷனுக்குப் போய் வாருங்கள்' என்று எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்பக் கூடாது. பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே இதைச் சொல்லிவிட்டது: முதலில் உயிர், பிறகு சட்ட நடைமுறை.

விசாரணைக்குத் தகவல் தருவது நம் கடமை. ஆனால் பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட, 60 கடந்த ஆண்களையும், கடும் நோயுற்றவர்களையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 179-ஆம் பிரிவு இது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். யுஏபிஏ என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்ட வழக்கானாலும் கைதுக்கான காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலவச வக்கீலுக்கு 15100.

இழப்பீட்டுக்கு, சதியானாலும் விபத்தானாலும், போகவேண்டியது மாவட்ட ஆட்சியரிடம். பயங்கரவாதத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மத்திய அரசுத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய். ஆலை விபத்தென்றால் 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி ஐந்தாண்டுக்குள் மனு. மனுவுக்குச் சிகிச்சைக்கான அத்தாட்சி உதவும். ஓ.பி. சீட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.