நீல வானத்து மத்தியானமும் பாயான் லெப்பாஸ் காற்றும்

புகைமூட்டம் வந்தால் பினாங்குக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலத்தின் மறுகரை மறைந்துவிடும், மருந்துக்கடையில் முகக்கவசம் தீர்ந்துவிடும். 2019 செப்டம்பரில் பள்ளிகளையே மூடினார்கள். மழை ஓய்ந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில், வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும் மத்தியானத்தில் நெஞ்சு இறுகி இருமல் வந்தால் மட்டும் வெயிலைக் குறை சொல்லிவிட்டு விடுகிறோம். அந்த நேரத்துக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஓசோனும் இருக்கக்கூடும் என்பது பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே வாயு, மூக்கருகே வந்தால் நுரையீரலை அரிக்கும். இதை எந்தப் புகைக்குழாயும் நேராகக் கக்குவதில்லை. வண்டிகளும் ஆலைகளும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், சாயம், கரைப்பான்களிலிருந்து எழும் ஆவிகளும் வெயிலில் கலந்து வினைபுரியும்போது ஓசோன் உருவாகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரைத் திணறடித்த மூட்டத்தின் ரகசியம் இதுதான் என்று 1950களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் காட்டினார். ஃபீனிக்ஸ் போன்ற பாலைவன நகரங்களில் கோடை பிறந்தாலே ஓசோன் எச்சரிக்கையும் கூடவே வந்துவிடுகிறது.

நமக்குத் தனியாகக் கோடை கிடையாது. வெயில் மட்டும் ஆண்டு முழுக்க உண்டு. ஓசோன் உருவாகத் தேவையான மற்றச் சரக்குகளும் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் குறைவில்லை: 1972இல் தொடங்கிய தொழிற்பேட்டை, விமான நிலையம், 1985இல் திறந்த பாலமும் 2014இல் திறந்த இரண்டாம் பாலமும் கொண்டுவந்து கொட்டும் வண்டிகள், துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலை நெரிசல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வண்டிப்புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு, பக்கத்திலுள்ள ஓசோனைத் தின்றுவிடும். அதனால் நெரிசல் சந்திப்பைவிட, காற்று போகும் திசையில் தள்ளியிருக்கும் வீடமைப்புப் பகுதியில் ஓசோன் கூடுதலாக இருக்கலாம். ‘எங்கள் வீடு ரோட்டிலிருந்து உள்ளேதானே’ என்ற நிம்மதி இங்கே எடுபடாது.

முகக்கவசம் பற்றி நேராகவே சொல்லிவிட வேண்டும். புகைமூட்டத் துகளை என்95 தடுக்கும். ஓசோன் வாயு, அது நுழைந்துவிடும். ஓசோனுக்குத் தற்காப்பு நேரத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலும் நண்பகலுக்குப் பின் ஏறி, பொழுது சாயும்போது இறங்கும். ஓட்டம், பூப்பந்து, பிள்ளைகளின் திடல் பயிற்சி எல்லாவற்றையும் காலையில் வைத்துக்கொள்ளலாம். உச்சி வெயிலில் சன்னல் சாத்திய வீட்டுக்குள் அளவு குறைவாகவே இருக்கும். ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போகக் கூடாது. கிருமியைக் கொல்லும் என்று சொல்லி ஓசோன் வெளியிடும் ‘காற்றுச் சுத்திகரிப்பான்’ விற்பவர்களும் இருக்கிறார்கள். காசு கொடுத்து மாசு வாங்க வேண்டாம்.

அடுத்து, கைப்பேசியில் பார்க்கும் எண். சுற்றுச்சூழல் துறையின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு ஆறு மாசுகளை அளந்து, அவற்றில் மோசமானதன் எண்ணைக் காட்டுகிறது. 50 வரை நன்று, 100 வரை மிதம், 101 முதல் ஆரோக்கியக் கேடு, 201 முதல் மிகுந்த கேடு, 300க்கு மேல் ஆபத்து. எந்த மாசினால் அந்த எண் என்பதற்கும் பக்கத்தில் ஒரு குறி இருக்கும், அதையும் பாருங்கள். துகளுக்கான எண் 24 மணி நேரச் சராசரி, ஆகவே உங்கள் தொண்டை உணர்வதை அது தாமதமாகத்தான் சொல்லும். இன்னொன்று: தீவில் அளவை நிலையங்கள் மிண்டனிலும் பாலிக் புலாவிலும் இருக்கின்றன. பாலிக் புலாவ் மலைக்கு அந்தப் பக்கம். தொழிற்பேட்டை வாசலில் நிற்பவருக்கு இரண்டுமே அக்கம்பக்கத்து எண்கள்தாம். நாட்டின் தரம் 2020 முதல் ஓசோனுக்கு ஒரு கன மீட்டரில் எட்டு மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 180.

உரிமை என்று ஏதும் உண்டா? தூய காற்று என்ற சொல் கூட்டரசு அரசியலமைப்பில் இல்லை. ஆனால் 1996இல் தான் தெக் செங் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீராம், 5ஆம் விதி காக்கும் ‘உயிர்’ என்பதில் ஓரளவு ஆரோக்கியமான, தூய்மைக்கேடற்ற சூழலில் வாழ்வதும் அடங்கும் என்றார். அது சூழல் வழக்கே இல்லை, வேலைநீக்க வழக்கு. போகிற போக்கில் விழுந்த வரி என்றாலும் எடுத்துக்காட்டத் தகுந்தது.

அன்றாடப் பயனுக்கு 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டமே கைகொடுக்கும். அதன் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. சமயச் சடங்கு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு, கொல்லைப்புறத்தில் குப்பை கொளுத்துவதற்கு இல்லை. நிலத்தின் உரிமையாளரோ குடியிருப்பவரோதான் பொறுப்பு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘யாரோ கொளுத்திவிட்டுப் போனார்கள்’ என்றால் அதை அவரே நிரூபிக்க வேண்டும். 2024 திருத்தத்துக்குப் பின் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம், ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. ஆலைகளுக்கு 2014 தூய காற்று விதிமுறைகள் தனியாக இருக்கின்றன.

எனக்குப் பெரிய கவலை வெளியில் வேலை பார்ப்பவர்கள். புல்வெட்டுபவர், பாதுகாவலர், விமான நிலையத்தில் சுமை ஏற்றுபவர் இவர்களில் நம்மவர் நிறைய. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதை முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால் தொழிலாளி அங்கிருந்து விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. குறியீடு 105 என்பதற்காக இதைப் பயன்படுத்த முடியாது. உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்து இருக்க வேண்டும். ஆனால் 200ஐத் தாண்டிய நாளில் ஆஸ்துமாக்காரரை வெளியில் நிறுத்தினால், மருத்துவர் கடிதத்தோடு பேச இடமிருக்கிறது. வேலையை மதியத்திலிருந்து காலைக்கு மாற்றக் கேட்பதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை. உணவு கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு முதலாளி யார் என்பதே குழப்பம் என்பதால், இந்தப் பாதுகாப்பு அவர்களை எட்டுவது கடினம்.

புகார் செய்வது எப்படி? தீ எரிந்துகொண்டிருந்தால் முதலில் 999. ஆலைப்புகை, நெடி, கரும்புகை லாரி என்றால் சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727. ‘காற்று மோசம்’ என்று மட்டும் சொன்னால் அதிகாரி எங்கே போவார்? தேதி, நேரம், இடம், எந்தத் திசையிலிருந்து வந்தது, வண்டி எண், படம் இவற்றைக் கொடுத்துப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நெடி அடிக்கும் நாட்களை ஒரு நோட்டில் எழுதிவைத்து, அக்கம்பக்கத்து நாலு வீட்டாரும் சேர்ந்து புகார் போட்டால் மறுபடி கேட்கும்போது துறையால் மறுக்க முடியாது. துறை அசையாவிட்டால், 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடம் அந்த நோட்டின் நகலோடு போகலாம். அங்கே தமிழிலேயே பேசலாம். மருத்துவமனைச் சீட்டுகளையும் கூடவே எடுத்துப் போங்கள். பின்னால் நட்ட ஈடு கேட்டு வழக்குப் போடும் நிலை வந்தால், வழக்கறிஞர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.