பாவா ஆதம் மலையில் இப்னு பதூதா

பெரகல சந்தியில் கொழும்பு பஸ் ஏறினால் ஹல்துமுல்ல, பலாங்கொடை தாண்டி இரத்தினபுரி வரும். பாவா ஆதம் மலைக்கான பழைய ஏற்றம் அந்தப் பக்கத்தில், பலாபத்தலயிலிருந்து தொடங்குகிறது. உயரம் 2,243 மீற்றர். நாட்டின் மிக உயர்ந்த சிகரம் பீதுருதலாகலதான். ஆனால் உலகப் பயணிகள் தேடி வந்தது இந்த மலையைத்தான்.

அவர்களில் ஒருவர் மொரோக்கோவைச் சேர்ந்த இப்னு பதூதா. மாலைதீவில் காழியாக இருந்துவிட்டுக் கடலேறியவர், 1344இல் புத்தளத்தில் கரையிறங்கினார். யாழ்ப்பாணத்து மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அப்போது அங்கே இருந்தார். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, ஆதம் (அலை) அவர்களின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்றார் பயணி. மன்னர் பல்லக்குக் கொடுத்தார்; நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தம் ஆட்கள் பத்துப் பேர், சாமான் சுமக்கப் பதினைந்து பேர் என்று துணைக்கும் அனுப்பினார். ஒரு முஸ்லிமின் ஸியாரத்துக்கு வழிகாட்ட யோகிகளும் பிராமணர்களும்! இதை அவர் அதிசயமாக எழுதவில்லை. சாதாரணச் செய்தியாகவே சொல்லிப் போகிறார்.

மலைக்கு இரண்டு வழிகள் என்கிறார். ஒன்று பாபா வழி, ஆதம் (அலை) பெயரால். மற்றது மாமா வழி, ஹவ்வா (அலை) பெயரால். மாமா வழி இலகுவானது, இறங்குவதற்கு உரியது. அதிலேயே ஏறிப் போனவரை யாத்திரை செய்தவராகக் கருத மாட்டார்களாம். உம்மாவின் வழி கணக்கில் இல்லை! பாபா வழியில் பாறையில் வெட்டிய படிகள்; பிடித்து ஏறப் பத்துச் சங்கிலிகள். கடைசிச் சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாச் சொல்வாராம். மேகங்கள் காலடிக்குக் கீழே நின்று அடிவாரத்தை மறைத்ததையும் அவர் கண்டார்.

அட்டையையும் அவர் விடவில்லை. மரத்திலும் புல்லிலும் இருந்து பாய்ந்து ஒட்டும், எலுமிச்சம்பழம் பிழிந்தால் விழுந்துவிடும் என்கிறார். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள். அட்டைக்கு உப்பு, சவர்க்காரம் என்று இன்னும் இரண்டு வைத்தியம் சொல்வார்கள்.

ஆதம் (அலை) இறங்கிய இடம் ஸரந்தீப் என்பது அறிவிப்புகளின் வழி வந்த நம்பிக்கை; குர்ஆன் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. அதே சுவட்டைப் பௌத்தர் புத்தரின் பாதம் என்பர், இந்துக்கள் சிவனொளிபாதம் என்பர்.

இன்று யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை. ஹற்றன் பக்கம் நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உண்டு. பாதையெங்கும் விளக்கு எரியும். மற்ற மாதங்களில் மழையும் மூடுபனியும் அதிகம், விளக்கும் இராது. மேலே விடியும் முன்னரே குளிர் கடிக்கும். தடித்த சுவெட்டர் அவசியம். சூரியன் எழும்போது மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் கூம்பாக நீண்டு கிடக்கும். சிகரம் கூராக இருப்பதால் மட்டும் அப்படித் தெரிவதில்லை. தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல, நீண்ட நிழலும் தொலைவில் ஒடுங்கித் தெரிகிறது.